மூன்றாம் பக்கத்து முகவரி

அத்தியாயம் பதினான்கு

போன வாரம் நாம் விட்டுவந்தபோது சேர்மன் பரணில் குப்புறப் படுத்து, தும்மலை அடக்கப் படாத பாடு பட்டுக்கொண்டிருந்தான். கீழே கண்ணாடிக் கடைக்கு வந்த வாடிக்கையாளர் பேரம் பேசி முடிப்பதற்குள் அக்காவுக்குப் பாதி உயிர் போய்விட்டது. ஒருவழியாக அவர் போனார். தும்மலும் பெரிய சத்தமாக வந்து தீர்ந்தது.

சேர்மன் என்பது தெரு வைத்த பெயர் இல்லை. அவனே விசிட்டிங் கார்டில் அச்சடித்துக்கொண்டது. மாதம் தவறாமல் வட்டி என்று சொல்லி ஊரிலிருக்கிற சேமிப்பையெல்லாம் வாரிக்கொண்ட நிதி நிறுவனத்துக்கு அவன் தலைவன். ஒரு திங்கட்கிழமை ஆபீஸ் கதவில் பெரிய பூட்டுத் தொங்கியது. அன்றைக்கே மோசடி வழக்குப் பதிவானது. அன்று மாலையே அவன் அக்கா கடைப் பரணில் ஏறிவிட்டான்.

தெருவுக்கு அவன் சேர்மன். அக்காவுக்கு எட்டு வயது இளைய தம்பி. அவன் செய்த காரியத்தை நினைத்தால் கழுத்தை நெரிக்கலாம் போல அவளுக்கு வரும். நெரிக்கப் போனால், சின்ன வயதில் காய்ச்சலில் அவள் மடியில் சுருண்டு கிடந்த முகம்தான் தெரியும். அவளும் என்ன செய்வாள்?

பதினோராவது நாள் காலை பத்தரை மணி. கம்பளித் துணி விரித்த மேசையில் முகக்கண்ணாடி ஒன்றை மல்லாக்கப் போட்டு, அளவுகோலை வைத்து அழுத்திப் பிடித்திருந்தாள். சலூன்காரருக்கு மத்தியானத்துக்குள் வேண்டும்.

“அக்கா, டீயில சர்க்கரை போடலையா?” என்று மேலேயிருந்து குரல் வந்தது.

“போட்டேன். நீ கலக்கல.”

“ஸ்பூன் வைக்கலையே.”

“சேர்மனுக்கு ஸ்பூன் வேறயா? விரலை விட்டுக் கலக்குடா.”

கட்டரின் சின்னச் சக்கரத்தை எண்ணெயில் தொட்டு ஒரே இழுப்பாக இழுத்தாள். கீறல் நேராக விழுந்தது. கீறின கையோடு உடைத்துவிட வேண்டும், தாமதித்தால் கண்ணாடி தன் இஷ்டத்துக்குப் போகும். மேசை விளிம்பில் வைத்து ஒரு தட்டுத் தட்டினாள். துண்டு கையோடு வந்தது.

போன் அடித்தது. டீச்சர்தான், அதாவது தம்பியின் மனைவி. பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லித்தருகிறவள். பதினோரு நாளாக லீவு போட்டுவிட்டு வக்கீல் வீட்டுக்கும் கோர்ட்டுக்கும் செருப்புத் தேய நடந்துகொண்டிருந்தாள்.

“அண்ணி, நம்ம மனு நாப்பத்தி மூணாவது. இப்பதான் பதினெட்டு ஓடுது.”

“வக்கீலம்மா என்ன சொல்றாங்க?”

“பயமுறுத்துறாங்க. சாதாரண அடிதடி கேஸ்னா முன்ஜாமீன் சுலபமாம். இவ்வளவு பெரிய பண மோசடின்னா ஜட்ஜுங்க முகம் கொடுத்தே பேச மாட்டாங்களாம். பணம் எங்க போச்சுன்னு தெரியணும்னா ஆளைப் பிடிச்சு வச்சுத்தான் கேக்கணும்னு போலீஸ் சொல்லுமாம்.”

“அது நியாயமான பேச்சுதானே,” என்று அக்கா வாய்தவறிச் சொல்லிவிட்டாள்.

பிறகு டீச்சர், “அவரு உங்க தம்பி அண்ணி,” என்றாள். அக்கா போனை வைத்தாள்.

கைது செய்வதற்கு முன்பே வாங்கி வைத்துக்கொள்கிற ஜாமீன். இப்படி ஒன்று உலகத்தில் இருப்பதே அவளுக்குப் பதினோரு நாளாகத்தான் தெரியும். அவளை நம்பிப் பணம் போட்டவர்களுக்கு முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ள என்ன இருந்தது? ‘உங்க தம்பிதானேக்கா’ என்று கேட்டுக் கேட்டுத்தான் போட்டார்கள். அவளும் ஆமாம் ஆமாம் என்று பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினாள். இப்போது அவர்களைத் தெருவில் பார்த்தால் நடையை எட்டிப்போட்டு மறைந்துவிடுகிறாள்.

மேலேயிருந்து, “என்ன ஆச்சாம்?” என்று கேள்வி வந்தது.

“ஒண்ணும் ஆகல. வாயை மூடிட்டுப் படு.”

*

ஒன்றேகால் மணிக்கு மறுபடி போன். இந்த முறை டீச்சர் பரணுக்கே கேட்கும்படி அழுதுகொண்டே சிரித்தாள்.

“கிடைச்சிருச்சு அண்ணி! ஒரு வாரத்துக்கு இடைக்கால முன்ஜாமீன். அடுத்த விசாரணை வரைக்கும் அவரை யாரும் கைது பண்ணக் கூடாது. நாளையிலேர்ந்து தினமும் காலையில ஸ்டேஷன்ல போய்க் கையெழுத்துப் போடணும். அவ்வளவுதான்!”

பரணில் தடால் என்று ஓர் ஓசை. ஏணியின் மேல்படியில் இரண்டு பாதங்கள் தெரிந்தன. பதினோரு நாளில் முதல் தடவையாகத் தம்பி பகல் வெளிச்சத்தில் இறங்கி வந்தான். தாடியும் பரணில் அடைத்திருந்த வைக்கோலின் தூசியுமாக இருந்தவன், குழாயடிக்குப் போய் முகம் கழுவி, பையிலிருந்த வெள்ளைச் சட்டையை எடுத்து மாட்டி, சலூன்காரரின் கண்ணாடியிலேயே தலை வாரிக்கொண்டான்.

“நான் சொன்னேன்ல? சட்டம் நம்ம பக்கம்.”

“சட்டம் உன் பக்கம்னா அடுத்தவன் பக்கம் யாருடா?” என்றாள் அக்கா. இருந்தாலும் நெஞ்சில் ஒரு பாரம் இறங்கியதை அவளால் மறைக்க முடியவில்லை. போனை ஸ்பீக்கரில் போட்டு, “எப்படி ஒத்துக்கிட்டாரு ஜட்ஜு?” என்று கேட்டாள்.

“அதை ஏன் கேக்குறீங்க! அரசு வக்கீல் எழுந்து, ஆசாமி தலைமறைவு, ஓடிப்போனவனுக்கு எதுக்கு முன்ஜாமீன்னு ஒரே பிடியா பிடிச்சாரு. ஜட்ஜும் மூடப் பாத்தாரு. வக்கீலம்மா விடல. யார் சொன்னது தலைமறைவுன்னு? கூடுதல் மனுவுல மூணாம் பக்கம் பாருங்கன்னு சொல்லி முகவரியை அப்படியே சத்தமா படிச்சாங்க. உங்க கடைப் பேரு, கதவு எண், தெரு எல்லாம். ரப்பர் ஸ்டாம்ப் குத்தி நீங்க கையெழுத்துப் போட்டதையும் சொன்னாங்க. அரசு வக்கீல் வாயடைச்சுப் போயிட்டாரு!”

அக்காவின் கை மேசை விளிம்பைப் பிடித்தது.

முந்தின நாள் மாலை, அவன் இந்தக் கடையில்தான் இருக்கிறான் என்று எழுதிய அந்தக் காகிதத்தை டீச்சர் எடுத்து வந்தபோது அவள் கேட்கத்தான் செய்தாள், இதை யார் பார்ப்பார்கள் என்று. ஜட்ஜ் மட்டும்தான் அண்ணி, விடைத்தாளைத் திருத்துகிறவர்தானே படிப்பார் என்றாள் டீச்சர். இருபது வருடம் விடைத்தாள் திருத்தியவளுக்கு வேறு எப்படித் தோன்றும்? அக்காவும் ஸ்டாம்பை மையில் அழுத்திக் குத்தினாள்.

“டீச்சர், கோர்ட்டுல வேற யார் யார் இருந்தாங்க?”

“எல்லாரும்தான். பணம் போட்டவங்க பின்னாடி நாலு பெஞ்சு நிறைய உக்காந்திருந்தாங்க. உத்தரவு சொன்னதும் ஒரே கூச்சல். அப்புறம் எல்லாரும் எழுந்து...”

அவள் பேச்சு நின்றது. கணக்கு அவளுக்கும் விளங்கிவிட்டது.

“எழுந்து எங்க போனாங்க?”

“தெரியல அண்ணி,” என்றாள் டீச்சர். “கிளம்பிப் போயி இருபது நிமிஷம் ஆச்சு.”

கோர்ட்டிலிருந்து கடைக்கு அரை மணி நேரப் பயணம். அக்கா போனைத் தூக்கிப் போட்டுவிட்டு ஓடிப்போய் ஷட்டரை இழுத்துக் கீழே இறக்கினாள். பூட்டின் கொக்கி விழுவதற்கும் தெருமுனையில் வண்டிகள் வந்து நிற்கும் சத்தம் கேட்பதற்கும் சரியாக இருந்தது.

*

முதல் கல் மேலே இருந்த பெயர்ப் பலகையில் விழுந்தது. அடுத்தது எங்கே விழுந்தது, அதற்கடுத்தது எங்கே என்று எண்ண முடியவில்லை. ஷட்டர் முழுவதும் ஆலங்கட்டி மழை.

“வெளிய வாடா திருட்டு நாயே!”

“ஜாமீன் வாங்கிட்டியா? எங்க பணத்துலதானே வக்கீலுக்குக் கொடுத்தே?”

தம்பி நடுக்கடையில் வெள்ளைச் சட்டையோடு நின்றான். “அக்கா, கோர்ட் உத்தரவு இருக்கு. என்னைத் தொடக் கூடாதுன்னு...”

“போலீஸ் தொடக் கூடாதுன்னுதான்டா சொல்லியிருக்கு! இவங்களுக்கு எவன் உத்தரவு போட்டான்? உள்ள போடா!”

கடைக்குப் பின்வாசல் கிடையாது. பின்னால் மரம் அறுக்கும் மில்லின் மதில். மிச்சமிருந்தது பில் போடும் சின்ன அறை ஒன்றுதான். அவனை அதற்குள் தள்ளித் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுப் போலீசுக்குப் போன் போட்டாள். அங்கே பேசியவர் பெயர், முகவரி, தகப்பனார் பெயர் எல்லாம் நிதானமாகக் கேட்டார். அவள் கத்தின கத்தலில் அவரும் சேர்ந்து கத்தினார். அனுப்புகிறேன் என்றார்.

ஷட்டரின் அடியில் ஓர் இரும்புத் தண்டு நுழைந்தது. லாரி ஜாக்கியின் லிவர். அதைப் பிடித்திருந்த கையை அவளுக்குத் தெரியும். லாரி டிரைவர். வண்டிக்குச் சைடு கண்ணாடி உடைந்தால் வேறு கடைக்குப் போகமாட்டார். முப்பது வருடம் ஸ்டியரிங் பிடித்துச் சேர்த்ததை எங்கே போடலாம் என்று இந்த மேசைக்கு எதிரில் உட்கார்ந்துதான் கேட்டார். அவளும் சொன்னாள்.

ஷட்டர் நெளிந்தது, கிழிந்தது, ஆளுயரத்துக்கு மேலே ஏறியது. கூட்டம் உள்ளே கொட்டியது.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் அக்காவுக்குத் துண்டுதுண்டாகத்தான் நினைவிருக்கிறது. சுவரோரம் சாய்த்திருந்த பெரிய தாள்களை நாலு பேர் சேர்ந்து கவிழ்த்தார்கள். ஐந்து மில்லிமீட்டர் கண்ணாடி, ஆளுயரம், பன்னிரண்டு தாள். அவை விழுந்த சத்தத்தில் ஒரு கணம் கூட்டமே திகைத்து நின்றது. பிறகு வெறி இரட்டிப்பானது. சலூன்காரரின் கண்ணாடியைத் தூக்கி ஒருத்தி தரையில் அறைந்தாள். அவள் காய்கறிக் கடைக்காரி, அக்காவோடு தினமும் சிரித்துப் பேசுகிறவள்.

“உன்னை நம்பித்தானேடி போட்டேன்!” என்று அவள் அக்காவின் தலைமுடியைப் பற்றி உலுக்கினாள். அக்கா திருப்பி அடிக்கவில்லை. அடிக்க அவளுக்கு மனசு வரவில்லை.

பில் அறைக் கதவு மூன்றாவது உதையில் பிளந்தது. தம்பியின் காலரைப் பிடித்து இழுத்து, உடைந்த கண்ணாடிமேல் பரபரவென்று தரையோடு தேய்த்து வெளியே கொண்டுவந்தார்கள். வெள்ளைச் சட்டை முதுகில் கிழிந்து சிவந்தது. ஒருவன் வயிற்றில் மிதித்தான். ஒருவன் வாயில் குத்தினான், பல் ஒன்று தெறித்தது. “ஐயோ அக்கா!” என்று அவன் கூச்சல் போட்டான்.

லாரி டிரைவர் லிவரைத் தலைக்குமேல் ஓங்கினார். அது மண்டையில் இறங்கினால் கதை முடிந்தது.

அக்கா குறுக்கே பாய்ந்தாள். லிவர் திசைமாறி, ஸ்டாண்டில் மிச்சமிருந்த ஒரே தாளில் இறங்கியது. அது வெடித்துச் சரிந்தபோது அவள் இடது முன்கையை மணிக்கட்டுக்கு மேலிருந்து முழங்கைவரை கிழித்துக்கொண்டு போனது. ரத்தம் பீய்ச்சி டிரைவரின் சட்டையில் அடித்தது.

அவர் முகம் வெளிறிப்போனது. “அம்மா, நான் உன்னை அடிக்க வரலம்மா,” என்று அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்.

மற்றவர்கள் அவள் கையைக் கவனிப்பதற்குள் விசில் சத்தம் கேட்டது. இன்ஸ்பெக்டரும் நாலு போலீஸ்காரர்களும் லத்தியைச் சுழற்றிக்கொண்டு வந்தார்கள். முதுகு, தோள், முழங்கால் என்று பார்க்காமல் விளாசினார்கள். கூட்டம் திட்டிக்கொண்டே வாசலுக்குப் பின்வாங்கியது. ஆனால் கலையவில்லை. தெருவை அடைத்துக்கொண்டு நின்றது.

*

கதவில்லாத பில் அறையில் தம்பி சுவரோடு சாய்ந்து ரத்தத்தைத் துப்பிக்கொண்டிருந்தான். அக்கா தன் கையில் துண்டைச் சுற்றிப் பல்லால் முடிச்சைக் கடித்து இறுக்கினாள்.

“சார், இவனைக் கூட்டிட்டுப் போங்க. இப்பவே.”

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்தார். தூங்கி நாலு நாள் ஆன மாதிரி இருந்தது முகம்.

“எப்படிம்மா கூட்டிட்டுப் போறது? அரை மணிக்கு முன்னாடி உத்தரவு போன்ல வந்தாச்சு. இவரை நான் கைது பண்ணினா நாளைக்கு என் சட்டையைக் கழட்டிருவாங்க.”

“கைது வேண்டாம் சார். பாதுகாப்பா வண்டியில ஏத்துங்க போதும்.”

“வெளிய எட்டிப் பாத்தீங்களா? முன்னூறு பேர். நாங்க அஞ்சு பேர். சும்மா ஏத்தினா, காசு வாங்கிட்டு தப்பிக்க வைக்கிறான்னு வண்டியோட கொளுத்துவாங்க. கையில பெட்ரோல் கேன் இருக்கு, நானே பாத்தேன். விலங்கு மாட்டி இழுத்துட்டுப் போனா வழி விடுவாங்க. அந்த விலங்கைத்தான் நான் மாட்ட முடியாது. கூடுதல் ஆள் வர ஒரு மணி நேரம் ஆகும்.”

வெளியே, “பத்து நிமிஷம் தர்றோம் சார்! அவனை விட்டுட்டு நீங்க போயிருங்க!” என்று ஒரு குரல் எழுந்தது. அதைத் தொடர்ந்து கைதட்டல்.

ஒரு மணி நேரம் இந்தச் சுவர்கள் தாங்காது என்று அக்காவுக்குத் தெரிந்தது. பாடுபட்டு வாங்கிய முன்ஜாமீன், கடைசியில் அவனைச் சாகடிக்கத்தான் வந்து சேர்ந்திருக்கிறது. அவளுக்கு ஓவென்று அழவேண்டும் போல இருந்தது. அழுவதற்கு நேரம் இல்லை.

“சார், அந்த உத்தரவு எல்லாத்துக்கும் சேத்தா?”

“எதுக்குக் கேக்குறீங்க? மோசடி கேஸ் நம்பர் போட்டு, அந்தக் கேஸுக்கு மட்டும்தான்.”

“வேற ஏதாவது பண்ணியிருந்தான்னா?”

இன்ஸ்பெக்டர் அவளை உற்றுப் பார்த்தார். “வேற குத்தம்னா அது வேற கேஸ்.”

அக்கா ரத்தம் ஊறிய கையை அவர் முன்னால் நீட்டினாள்.

“எழுதிக்குங்க. என் தம்பி கண்ணாடித் துண்டால என்னைக் கொல்லப் பாத்தான்.”

“அக்கா!” என்று தம்பி அலறினான்.

“நீ வாயை மூடு. எழுதுங்க சார். பணம் எங்கடான்னு கேட்டேன், கழுத்தைக் கிழிக்க வந்தான், நான் கையைக் குறுக்க வச்சுத் தடுத்தேன்.”

“அக்கா, என்ன பேசுறே நீ? கொலை முயற்சின்னா எத்தனை வருஷம் தெரியுமா? டீச்சர் பதினோரு நாள் அலைஞ்சு வாங்கின உத்தரவு! நான் எதுக்கு உள்ள போகணும்? நான் உன்னைத் தொடவே இல்லையே சார்! யாரோ உடைச்ச கண்ணாடி...”

அக்கா நல்ல கையால் அவன் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். உடைந்த வாயிலேயே அடி விழுந்தது. அவன் சுருண்டான். இன்ஸ்பெக்டர் திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டார்.

“ஊர்க் காசைத் தின்னும்போது எத்தனை வருஷம்னு கேட்டியா? ஒரு நாளாவது கேட்டியா? கோர்ட்டு, உத்தரவு, ஒரு வாரம்னு பேசுறே. உனக்கு ஒரு வாரம் இல்லடா, பத்து நிமிஷம்தான் இருக்கு. இந்தா, எட்டிப் பாரு!”

பிடரியைப் பிடித்து உந்தி அறை வாசலில் நிறுத்தினாள். நெளிந்த ஷட்டருக்குக் கீழே முகங்களும் கம்புகளும் தெரிந்தன. பெட்ரோல் வாடை உள்ளேயே அடித்தது. முதுகில் புத்தகப் பையோடு ஒரு பெண் குழந்தையைக்கூடத் தூக்கி வந்திருந்தார்கள். அதன் தகப்பன் கையில் செங்கல் இருந்தது.

தம்பி அவளைத் திரும்பிப் பார்த்தான். இத்தனை நாளில் ஒரு தடவைகூட அவளை அப்படி நேராகப் பார்த்ததில்லை.

“ஆமா சார்,” என்றான். “நான்தான் கிழிச்சேன்.”

இன்ஸ்பெக்டர் தாளை எடுத்தார். “உங்க கையை யார் கிழிச்சாங்கன்னு எனக்குத் தெரியாது. நீங்க சொல்றதை நான் எழுதுறேன். நாளைக்கு மாஜிஸ்திரேட் முன்னாடியும் இதையேதான் சொல்லணும். மாத்திச் சொன்னா உங்க மேல கேஸ் வரும். இதுல வேற கதை இருக்குன்னு தெரிஞ்சா வெளிய இருக்கிறவங்க ஸ்டேஷனுக்கே வந்துருவாங்க. யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது. புரியுதா?”

“புரியுது.”

“வீட்டு ஆளுங்ககிட்டகூட.”

அவள் ஒரு கணம் தயங்கினாள். பிறகு தலையை ஆட்டிவிட்டு, ரத்தக் கையாலேயே கையெழுத்துப் போட்டாள்.

*

இன்ஸ்பெக்டர் முதலில் வெளியே போய் நின்றார். “கொலை முயற்சி! கூடப்பிறந்த அக்காவையே குத்தியிருக்கான்! கைது பண்ணிக் கொண்டுபோறோம், வழி விடுங்க!”

அக்கா வாசலில் வந்து துண்டை அவிழ்த்துக் கையைத் தூக்கிக் காட்டினாள். ரத்தம் முழங்கையிலிருந்து சொட்டியது. கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது.

லாரி டிரைவர் முன்வரிசையில் நின்றார். அவர் சட்டையில் இருந்தது அவளுடைய ரத்தம்தான். அவள் சொன்னது பொய் என்று அந்த முன்னூறு பேரில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அக்கா அவரையே பார்த்தாள். அவர் குனிந்து தன் சட்டையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பக்கவாட்டில் ஓர் அடி நகர்ந்தார்.

அவர் நகர்ந்ததும் மற்றவர்களும் நகர்ந்தார்கள்.

விலங்கு மாட்டி அவனை நடத்திப் போன இருபது அடிக்குள் எத்தனை அடி! செருப்பு, எச்சில், கல், ஒரு கிழவரின் ஊன்றுகோல். போலீஸ்காரர்கள் கண்டும் காணாதது போல இருந்தார்கள். ஆனால் யாரும் பெட்ரோலைத் திறக்கவில்லை. வண்டிக் கதவு அடைபட்டபோது கூட்டம் ஆரவாரம் செய்தது. அக்கா அந்த ஆரவாரத்தின் நடுவே மூச்சை விட்டாள். உயிரோடு போய்விட்டான். அவளுக்கு அது போதும்.

காய்கறிக் கடைக்காரி வந்து அவள் கையைப் பற்றித் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். அரை மணிக்கு முன் தலைமுடியைப் பிடித்த அதே கை. “பாவி, பெத்த தாய் மாதிரி வளத்தவளைக் குத்தியிருக்கானே. நீ நல்ல காரியம் பண்ணினே,” என்று ஆறுதல் சொன்னாள். அக்கா கையை விடுவித்துக்கொண்டு துண்டை மறுபடி சுற்றினாள்.

அப்போது கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு டீச்சர் ஓடி வந்தாள். தலை கலைந்து, ஒரு காலில் செருப்பில்லாமல், கோர்ட் முத்திரை போட்ட உத்தரவை நெஞ்சோடு அணைத்திருந்தாள். தெருமுனையிலேயே யாரோ சொல்லிவிட்டிருக்கிறார்கள்.

“அண்ணி, என்னென்னமோ சொல்றாங்க. அவரைக் கைது பண்ணிட்டாங்களாம். நீங்க புகார் கொடுத்தீங்களாம். பொய்தானே?”

சுற்றிலும் ஆள். ஒவ்வொரு காதும் இந்தப் பக்கம் திரும்பியிருந்தது. லாரி டிரைவர் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“உண்மைதான்,” என்றாள் அக்கா.

“அவரு கரப்பான்பூச்சியைக்கூட அடிக்க மாட்டாரு. என்னைத்தான் கூப்பிடுவாரு. அவரா உங்களைக் குத்துனாரு?”

“ஆமா. குத்தினான்.”

“என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லுங்க.”

அக்கா நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள். பதினோரு நாள் வெயிலில் அலைந்து கறுத்த முகம். கழுத்து வெறுமையாக இருந்தது, சங்கிலி வக்கீல் பீஸுக்குப் போய்விட்டது. இவளை ஓரமாக இழுத்துப் போய், காதில் ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிடலாமா என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது. சொன்னால் இவளால் மறைக்கத் தெரியாது. நாளைக்கே வக்கீலம்மாவிடம் போகும், வேறொரு மூன்றாம் பக்கத்தில் எழுதப்படும், நாலு பெஞ்சும் கேட்கச் சத்தமாகப் படிக்கப்படும்.

“உன் புருஷன் என்னைக் கொல்லப் பாத்தான், டீச்சர்.”

அறை விழுந்தது. அக்காவின் காது கிண்ணென்றது. கூட்டத்தில் சிலர் டீச்சர்மேல் பாய வந்தார்கள். “அவளைத் தொடாதீங்க!” என்று அக்கா போட்ட சத்தத்தில் நின்றார்கள்.

டீச்சர் அழவில்லை. உத்தரவை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள். வகுப்பில் கரும்பலகைக்கு முன் நின்று பேசுகிற தெளிவான குரலில், கடைசி வரிசைவரை கேட்கிற மாதிரி சொன்னாள்.

“நாத்தனார்னு இனி எனக்கு யாரும் கிடையாது. நீங்க சொன்னது பொய்னு நான் நிரூபிக்கிறேன். அவரு மேல ஒரு கீறல் பழிகூட நிக்காது. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள என் புருஷனை வெளிய கூட்டிட்டு வந்து இதே தெருவுல நடத்திக் காட்டுறேன்.”

செய்வாள். எடுத்த கணக்கைப் பாதியில் விடுகிறவள் இல்லை அவள். டீச்சர் தோற்க வேண்டும், தோற்றே தீர வேண்டும் என்று அக்கா நின்ற இடத்திலேயே உள்ளுக்குள் கெஞ்சினாள்.

பின்வரிசையில் ஒருவன் பக்கத்திலிருந்தவனிடம் கேட்டது அவள் காதில் விழுந்தது.

“நாளைக்கு எத்தனை மணிக்காம்?”